எட்டாவது ஷெட்டும் முப்பத்திரண்டாம் வாய்ப்பாடும்

மல்லசமுத்திரத்தில் முதல் டிஷ் ஆன்டெனாவை மொட்டை மாடிக்கு ஏற்றியவன் நான். கிரேன் கிடையாது, கயிற்றில் கட்டி நானும் என் மச்சானும் இழுத்தோம். மின்கம்பத்தில் கை வைத்தால் கேஸ் என்றார்கள். சவுக்குக் கம்பம் வாங்கி வந்து சொந்தமாக நட்டு, அதன்மேல் கேபிள் ஓட்டி ஊருக்குப் படம் காட்டினேன். வெட்டினார்கள், மறுபடி ஓட்டினேன். மறுபடி வெட்டினார்கள், இன்னும் உயரமான கம்பம் நட்டேன். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில், காயப்போட்ட களத்தைப் பார்த்துக்கொள்ளக் கேமரா மாட்டியவன் நான். சூரமங்கலத்தில் ரயில்வேக்காரர்கள் குடியிருக்கும் தெருக்களில் மாடி மாடியாக இன்டர்நெட் ஒயர் இறக்கியவன் நான். ஃபைபர் வந்த புதிதில், "இது கண்ணாடி இழை, இதை ஒட்டறதுக்கு டிப்ளமோ படிச்சிருக்கணும்" என்று கம்பெனியிலிருந்து வந்த ஆள் சொன்னார். மூன்றாம் நாள் அவர் ஒட்டிய இடத்தில் வெளிச்சம் வரவில்லை. நான் ஒட்டிய இடத்தில் வந்தது. நான் படித்தது ஆறாம் வகுப்பு அரைப் பரீட்சை வரை. முழுப் பரீட்சை எழுதவில்லை.

இத்தனைக்கும் எனக்கு யாரும் மாலை போடவில்லை. நான் கேட்டதும் இல்லை. ஆனால் ஒன்றுக்குக் கேட்பேன், கேட்டே தீருவேன். எங்கள் பக்கத்துக் கோழிப் பண்ணை ஒன்றின் கன்ட்ரோல் ரூமில் ஒரு நம்பர்ப் பட்டியல் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. எந்த ஷெட்டுக்கு எந்த நம்பரிலிருந்து எந்த நம்பர் வரை என்று அதில் இருக்கிறது. அதைப் போட்டது நான். கீழே இருக்கும் பெயர் வேறு ஒருவருடையது. அதைவிடக் கேவலம், என் கேபிளால்தான் அங்கே கோழி செத்தது என்று இன்றைக்கும் நாலு பேர் பேசுகிறார்கள். இந்த இரண்டுக்கும் பதில் வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அந்தப் பண்ணையில் எட்டு ஷெட்டு. வரிசையாக, ஆபீசிலிருந்து தெற்கே போகப் போகத் தூரமாகிக்கொண்டே போகும். முதல் ஷெட்டு ஆபீஸ் வாசலிலேயே. எட்டாவது ஷெட்டுக்குப் போவதற்குள் வெயிலில் சட்டை நனைந்துவிடும். பண்ணைக்காரர் என்னைவிடப் பத்து வயது இளையவர், மரியாதை தெரிந்தவர். சிலருடைய பேச்சைக் கேட்டால் மட்டும் மரியாதை மறந்துவிடும். அவர் கோழி வளர்ப்பை நவீனப்படுத்த ஆசைப்பட்டார். ஷெட்டுக்கு ஷெட்டு பெரிய ஃபேன், அதை ஓட்டும் கன்ட்ரோலர் பெட்டி, சூட்டைப் பார்க்கும் சென்சார், தண்ணீர் மீட்டர், கேமரா. ஷெட்டுக்கு இருபத்தைந்து சாமான். அத்தனையும் ஒயரில் சேர்ந்து ஆபீஸ் திரையில் தெரிய வேண்டும். ஃபேன் நின்றால் போன் அலற வேண்டும். சித்திரை வெயிலில் ஃபேன் நின்றால் அரை மணி நேரம் தாங்காது கோழி.

ஆபீசிலிருந்து ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனித்தனி ஃபைபர் இழுத்தேன். ஒவ்வொரு ஷெட்டிலும், அங்குள்ள ஒயர்களைச் சேர்க்க ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்தேன். எல்லாம் ஓடியது. பிறகு ஒருநாள் ஐந்தாவது ஷெட்டில் ஒரு கேமரா கெட்டுப்போய், நிறுத்தாமல் கத்த ஆரம்பித்தது. அர்த்தமில்லாத தகவலை ஒயரில் கொட்டுவதைச் சொல்கிறேன். எல்லாம் ஒரே கூட்டமாக இருந்ததால், அது கத்தியதில் எட்டு ஷெட்டும் ஸ்தம்பித்தது. அன்றைக்கே பண்ணைக்காரரிடம் நான் சொன்னேன்:

"ஷெட்டு ஷெட்டாப் பிரிச்சுருங்க. ஒருத்தன் ஊட்டுச் சண்டை அடுத்தவன் ஊட்டுக்கு வரக்கூடாது."

பிரி என்று சொன்னது நான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் தன் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மகளைக் கட்டியவர். சேலத்தில் கம்ப்யூட்டர் என்ஜினியர். படித்தவர்தான், அதை நான் மறுக்கவில்லை. வந்தார், ஆபீசில் இருந்த பெரிய ஸ்விட்சில் ஏதேதோ தட்டினார், மோர் குடித்தார், ஒரு தாளைக் கொடுத்துவிட்டு மாலைக்குள் சேலத்துக்குப் போய்விட்டார். அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான்: எட்டு சப்நெட், ஒவ்வொன்றிலும் முப்பது பேர். மாஸ்க் 255.255.255.224. அதன்கீழ், ஷெட்டுக்கு ஒன்றாக எட்டு கேட்வே நம்பர்.

இது தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. ஒயரில் சேரும் எதற்கும் ஒரு நம்பர் வேண்டும், கதவு எண் மாதிரி. நான்கு பகுதி உள்ள நம்பர் அது. அந்தப் பண்ணையில் முதல் மூன்று பகுதியும் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கடைசிப் பகுதிதான் ஒவ்வொன்றுக்கும் மாறும். அது 0-வில் தொடங்கி 255-இல் முடியும். மொத்தம் 256 நம்பர். அந்த 256-ஐ எட்டாகப் பங்கு போடுவதுதான் வேலை. ஒவ்வொரு பங்குக்கும் சப்நெட் என்று பெயர். அந்தப் பங்கிலிருந்து வெளியே போகும் வாசலுக்குக் கேட்வே என்று பெயர். எல்லைக்கல் எங்கே நடுவது என்பதைச் சொல்லுவது மாஸ்க்.

மாப்பிள்ளை போன பிறகு யார் எந்த நம்பர் என்று பிரிக்கும் வேலை பண்ணை ஆட்கள் தலையில் விழுந்தது. முட்டைக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அம்மிணி ஒருத்தி உண்டு. ஐம்பது வயது. அவள் பேனா பிடித்தால் ஒரு முட்டை தப்பாது. அவளிடம் நோட்டைக் கொடுத்தார்கள். அவள் தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ஷெட்டுக்கு முப்பதா? இதுக்கு எதுக்குங்ணா என்ஜினியரு? ஷெட்டுக்கு ஒரு அட்டை, அவ்வளவுதான?"

முட்டை அட்டையில் முப்பது குழி என்பது எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நாங்கள் எண்ணுவதே அட்டைக் கணக்கில்தான். அவள் நிமிடத்தில் எழுதிவிட்டாள். முதல் ஷெட்டு 1 முதல் 30. இரண்டாவது 31 முதல் 60. மூன்றாவது 61 முதல் 90. இப்படியே போய் எட்டாவது ஷெட்டு 211 முதல் 240. மீதி பதினைந்து எதற்கென்று ஒருவரும் கேட்கவில்லை.

நானும் கேட்கவில்லை. ஒளிக்க மாட்டேன். அவள் வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு பெட்டியிலும் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டியது என் கை. ஷெட்டுக்கு ஷெட்டு முதல் நம்பர்கள் ஃபேன் கன்ட்ரோலர்களுக்கு, அடுத்து சென்சாருக்கு, மீட்டருக்கு, கடைசியில் கேமராவுக்கு. முக்கியமானது முதலில் என்று முறையாகத்தான் செய்தோம். அந்த முறைதான் எங்களைக் கவிழ்த்தது.

முதல் ஷெட்டு குண்டூசி அளவு பிசகில்லாமல் ஓடியது. இரண்டாவது ஷெட்டில் முதல் இரண்டு பெட்டி மட்டும் திரையில் வரவில்லை. மூன்றாவதில் நான்கு. நான்காவதில் ஆறு. எட்டாவது ஷெட்டில் பதினான்கு. ஆபீசுக்குப் பக்கத்தில் சுத்தம், தூரம் போகப் போகக் கோளாறு. கேட்டவுடன் யாருக்கும் என்ன தோன்றும்? ஒயர்தான் தோன்றும். மாப்பிள்ளைக்கும் அதுதான் தோன்றியது. போன் ஸ்பீக்கரில் பேசினார்.

"பெரியவரே, தூரம் போகப் போக லாஸ் ஆகுது. உங்க ஜாயின்ட்டு சரியில்ல. எல்லாத்தையும் ஒருதடவை திரும்ப ஒட்டுங்க."

"ஏனுங்க, எட்டாவது ஷெட்டுல கேமரா எல்லாம் பளிச்சுனு தெரியுது. அதே ஃபைபருதான். கேமரா வர்ற வழியில கன்ட்ரோலரு மட்டும் எப்படீங்க வராம போவும்?"

"கேமரா வேற, கன்ட்ரோலர் வேற பெரியவரே. அது சென்சிட்டிவ். அதெல்லாம் உங்களுக்கு விளக்கிட்டு இருக்க முடியாது."

விளக்கிட்டு இருக்க முடியாதாம். ஃபைபரில் வெளிச்சம் பல கிலோமீட்டர் போகும். நான் இழுத்தது கூப்பிடு தூரம். நான் மீட்டரை வைத்து அளந்து, வெளிச்சம் சரியாக இருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்ததற்கு நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.

பண்ணைக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள சொல்றாரு, ஒருக்கா ஒட்டிப் பாத்துருங்ணா, உங்களுக்கு என்ன வந்துச்சு" என்றார். எனக்கு என்ன வந்ததா? என் வேலையில் குற்றம் என்று என் கையாலேயே ஒத்துக்கொள்ளச் சொல்கிறார்கள், அது வந்தது. ஆனாலும் ஒட்டினேன். எட்டு ஷெட்டுக்கும் இரண்டு முனையிலும், தகர ஓட்டுக்கு அடியில், வேர்வை கண்ணில் இறங்க இறங்க, நல்ல ஜாயின்ட்டை வெட்டிப்போட்டுவிட்டுப் புதிதாக ஒட்டினேன். கடைசியில் பார்த்தால் அதே இரண்டு, அதே நான்கு, அதே பதினான்கு.

அந்த வாரம்தான் அது நடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். எட்டாவது ஷெட்டில் மூன்று பேஸ் கரண்டில் ஒன்று போய்விட்டது. ஃபேன்கள் நின்றன. கன்ட்ரோலர் தன் வேலையைச் செய்தது. ஃபேன் நின்றுவிட்டது என்று கூப்பிட்டது. அந்தக் கூப்பாடு ஷெட்டைத் தாண்டவில்லை. ஆபீசில் போன் அலறவில்லை. ஆட்கள் முதல் ஷெட்டு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ தற்செயலாகத் தெற்கே போனபோது கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்துக் கிடந்தன. கூடை கூடையாக அள்ளினார்கள். நான் தகவல் கேட்டு ஓடிப்போனேன். பண்ணைக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் டீ குடிக்கப் போனேன். முப்பது வருடம் நான் கேபிள் காசு வாங்கிய ஊர் அது. கல்லாவில் இருந்தவன் சிரித்துக்கொண்டே, "என்னுங்ணா, கோழி கொன்ன ஒயரு உங்களுதாமா?" என்றான். பக்கத்தில் நின்ற போர்வெல் ரிக் வண்டிக்காரன், "டிவி ஒயரக் கொண்டு போயி கோழிக்கி மாட்டுனா? கோழி சீரியலு பாத்தே செத்துருக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் பண்ணைக்குப் போனேன். எட்டாவது ஷெட்டில், செத்த கோழிகளின் கூண்டுகள் காலியாக இருந்த பக்கத்தில், மாப்பிள்ளையின் தாளையும் அம்மிணியின் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு சாக்பீஸ் இருந்தது.

தாளில் எட்டு கேட்வே நம்பர் என்று சொன்னேன் அல்லவா? அதை அதுவரை நான் வரிசையாகப் படித்ததே இல்லை. பெட்டி பெட்டியாகப் பார்த்துத் தட்டிவிட்டதோடு சரி. இப்போது ஒன்றன்கீழ் ஒன்றாகச் சுவரில் எழுதினேன். 30. 62. 94. 126. 158. 190. 222. 254.

முப்பது முப்பதாகப் போனால் 30-க்கு அடுத்து 60 அல்லவா வர வேண்டும்? 62 ஏன்? 62-க்கு அடுத்து ஏன் 94? கழித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் முப்பத்திரண்டு. அட்டைக்கு முப்பது என்று நாங்கள் அடுக்கிக்கொண்டிருக்கிறோம், தாள் முப்பத்திரண்டு என்கிறது. மாஸ்க்கைப் பார்த்தேன். கடைசி எண் 224. 256-இல் 224 போனால் முப்பத்திரண்டு. எல்லைக்கல் கண்ணுக்கு எதிரிலேயே இருந்திருக்கிறது.

அந்த இடத்தில் எனக்கு உதவியது ஆறாம் வகுப்பு இல்லை. எங்கள் காட்டில் பங்குக் கிணறு ஒன்று இருந்தது. எட்டு நாளைக்கு ஒரு சுற்று. பெரிய பங்காளிக்கு அரைப் பங்கு, அதாவது முதல் நான்கு நாள். அடுத்தவருக்குக் கால் பங்கு, இரண்டு நாள். அதற்கடுத்தவருக்கு அரைக்கால், ஒரு நாள். மிஞ்சிய ஒரு நாளில் என் அப்பனுக்கு வீசம், சித்தப்பனுக்கு வீசம். ஆளுக்கு அரை நாள் தண்ணீர். பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. அவன் அவன் முறை அவன் அவன் கல்லில்தான் தொடங்கும். ஒருதரம் என் அப்பன், தனக்கு முன்னவர் முறை முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே மடையைத் திறந்துவிட்டார். அதற்காக அவரை வரப்பில் தள்ளி அடித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன். பங்கு எவ்வளவு என்பது மட்டும் போதாது, எங்கே தொடங்குகிறது என்பதும் வேண்டும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை.

256-ஐப் பாதியாக்கினால் 128. அது அரை. அதில் பாதி 64, கால். அதில் பாதி 32, அரைக்கால். எட்டு ஷெட்டுக்கும் ஆளுக்கு அரைக்கால். அப்படியானால் பங்கு தொடங்குமிடம் முப்பத்திரண்டாம் வாய்ப்பாடு: 0, 32, 64, 96, 128, 160, 192, 224. எட்டாவது ஷெட்டு தொடங்குவதே 224-இல். நாங்கள் அதன் ஃபேனுக்கு 211 கொடுத்திருக்கிறோம். 211 ஏழாவது ஷெட்டின் பங்கு. பெட்டி உட்கார்ந்திருப்பது எட்டாவது ஷெட்டில், நம்பர் ஏழாவது ஷெட்டுடையது. அதன் வாசல் 254 அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. கூப்பிட்டால் யார் காதில் விழும்?

சரி, பங்குக்கு முப்பத்திரண்டு என்றால் முப்பது பேர்தான் என்று தாள் ஏன் சொல்கிறது? மீதி இரண்டு எங்கே? இது எனக்கு உடனே பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு கேமரா டீலருக்குப் போன் போட்டுக் கேட்டேன். முதல் நம்பர் அந்தப் பங்கின் பெயர், அதை யாருக்கும் கொடுக்கக்கூடாது. கடைசி நம்பர் எல்லாரையும் ஒருசேரக் கூப்பிடுவதற்கு, அதையும் கொடுக்கக்கூடாது என்றார். எல்லாம் நேர் ஆகிவிட்டது. முதல் ஷெட்டு 0 முதல் 31. அதில் ஆள் வைக்கலாம் 1 முதல் 30 வரை. எங்கள் அட்டைக் கணக்கும் அதுவும் அங்கே ஒன்றாகிவிட்டது, அதனால்தான் முதல் ஷெட்டு ஓடியது. அடுத்த ஷெட்டில் இரண்டு பிசகு, அதற்கடுத்ததில் நான்கு. தூரத்தால் வந்த கோளாறே இல்லை. ஷெட்டுக்கு இரண்டாகச் சேர்ந்த கோளாறு.

எட்டாவது ஷெட்டின் முதல் ஃபேன் கன்ட்ரோலரில் 211-ஐ அழித்துவிட்டு 225 என்று தட்டினேன். ஆபீசுக்குப் போன் போட்டேன். அம்மிணி எடுத்தாள்.

"திரையில எட்டாவது ஷெட்டுல மேல என்ன தெரியுது பாரு அம்மிணி."

"அட, ஃபேனு பச்சையாயிருச்சுங்ணா! என்ன பண்ணீங்க?"

"நோட்டைக் கிழிச்சேன்."

அவள் ஓட்டமும் நடையுமாக எட்டாவது ஷெட்டுக்கே வந்துவிட்டாள். சுவரில் நான் எழுதியதைப் பார்த்தாள். விளக்கினேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"முப்பது முட்டைக்கு முப்பத்திரண்டு குழியா? எந்த ஊருல அட்டை அப்படி அடிக்கறாங்க?"

"இந்த ஊருல இல்ல. அதனாலதான் நாம மாட்டுனோம்."

"அதை அந்தத் தாளுல ஒரு வரி எழுதுனா அவருக்குக் கை தேஞ்சா போயிரும்? எழுதுனது முப்பது. நான் படிச்சது முப்பது. ஏனுங்ணா, அந்தக் கோழி பாவம் என்ற தலையிலயா?"

"உன்ற தலையிலயும் இல்ல, என்ற ஒயருலயும் இல்ல."

அப்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நானும் அவளும் ஷெட்டு ஷெட்டாகப் போய் எல்லாப் பெட்டிக்கும் நம்பர் மாற்றினோம். பழைய ஸ்டிக்கரை உரித்துப் புதியது ஒட்டினேன். இருநூறு பெட்டியும் பச்சை. அதன்பிறகு பண்ணைக்காரர் தீவன மில், சுற்றுச்சுவர்க் கேமரா, ஆபீஸ், எடைமேடை இவற்றையும் பிரித்துத் தரச் சொன்னார். அவற்றுக்கு என்று இன்னொரு 256 இருந்தது. இவற்றைச் சமமாகப் பிரித்தால் முட்டாள்தனம். மில்லில் சாமான் நூறு, எடைமேடையில் நாலு. பங்குக் கிணறு மாதிரியே போட்டேன். மில்லுக்கு அரை, 0 முதல் 127. சுவர்க் கேமராவுக்குக் கால், 128 முதல் 191. ஆபீசுக்கு அரைக்கால், 192 முதல் 223. எடைமேடைக்கு வீசம், 224 முதல் 239. மிச்ச வீசம் 240 முதல் 255, பின்னால் வருகிறவர்களுக்கு. பெரிய பங்கை முதலில் வெட்டு, சின்னதை மிச்சத்தில் வெட்டு. இரண்டு பட்டியலையும் என் கையெழுத்தில் எழுதி, போட்டோ எடுத்து, பெரிய ஸ்விட்சில் தட்டுவதற்காக மாப்பிள்ளைக்கு அனுப்பினேன்.

இந்தத் தடவை பதில் வந்தது. ஒரு கட்டைவிரல் படம். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து ஒரு கண்ணாடிச் சட்டம் சேலத்திலிருந்து வந்து கன்ட்ரோல் ரூம் சுவரில் ஏறியது. என் நம்பர்கள். 0 முதல் 31, 32 முதல் 63. மில்லுக்கு அரை, சுவருக்குக் கால். நான் எடைமேடைக்கு அடுத்த வரியில் 'பின்னால் வருகிறவர்களுக்கு' என்று எழுதியிருந்ததைக்கூட இங்கிலீஷில் அச்சடித்திருந்தார்கள். கீழே, வடிவமைத்தவர் என்று மாப்பிள்ளையின் பெயர், பட்டம், போன் நம்பர். என் பெயர் இருந்த இடம் எது தெரியுமா? இல்லவே இல்லை.

நான் அவருக்குப் போன் போட்டேன்.

"பெரியவரே, மாஸ்க் நான் குடுத்தது. கேட்வே நான் குடுத்தது. டிசைன் என்னுதுதான். நீங்க இம்ப்ளிமென்ட் பண்ணீங்க, அதுக்கு தேங்க்ஸ்."

"அப்பறம் எதுக்குங்க என்னை ஒயர வெட்டி ஒட்டச் சொன்னீங்க?"

"அந்த நேரத்துல அப்படித் தெரிஞ்சுது."

"இப்ப எப்படீங்க தெரியுது?"

"இப்போ மீட்டிங்ல இருக்கேன்."

மாஸ்க் அவர் கொடுத்ததுதான், வாசல் நம்பரும் அவர் கொடுத்ததுதான். அதை நான் திருட வரவில்லை. மாஸ்க் தெரிந்தவருக்கு, எட்டாவது ஷெட்டில் 211 என்றிருப்பதை ஒரு நிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை. பெட்டிக்கு என்ன நம்பர் கொடுத்தீர்கள் என்று ஒரு கேள்வி. அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தக் கோழிகள் உயிரோடு இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை, ஏனென்றால் ஒயர்க்காரன்மேல் குற்றம் சொல்வதற்குக் கேள்வியே தேவையில்லை. படித்தவர் பிசகினால் அந்த நேரத்தில் அப்படித் தெரிந்தது. படிக்காதவன் பிசகாவிட்டாலும் ஜாயின்ட்டு சரியில்லை.

ஊரில் என்ன ஆயிற்று? மாப்பிள்ளை வந்து சரிபண்ணிவிட்டார் என்று ஆயிற்று. பேக்கரிக்காரன் போன மாதம்கூட, "இப்ப ஒயரு நல்ல ஒயராப் போட்டுட்டாங்களாமா?" என்று கேட்டான். அதே ஒயர்தான் இன்றும் ஓடுகிறது. ஓர் அடி மாற்றவில்லை. இதை நான் எத்தனை பேருக்கு, எத்தனை டீக்கு நடுவில் சொல்வது?

இப்போது பண்ணைக்காரர் ராசிபுரம் பக்கம் இன்னொரு பண்ணை கட்டுகிறார். அதிலும் எட்டு ஷெட்டு. போன வாரம் என் வீட்டுக்கே வந்தார்.

"அண்ணா, அதே மாதிரி இழுத்துக் குடுத்துருங்ணா. நம்பர்ப் பட்டியலு மாப்ள கிட்ட ரெடியா இருக்குது."

"பட்டியலு ஆருதுங்க?"

"எல்லாம் நம்முளுதுதானுங்ணா. இதுல என்ன உங்களுது எங்களுது?"

"ஏனுங்க, கோழி செத்தன்னைக்கு மட்டும் ஒயரு என்னுதா இருந்துச்சு. அன்னிக்கு நம்முளுதுன்னு நீங்க சொல்லலியே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கெட்ட மனிதர் இல்லை. "மாப்ள மனசு சங்கடப்படும்ணா. பொண்ணக் குடுத்த எடம்" என்றார். எனக்குப் புரியாமல் இல்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் பேச முடியாதுதான். அதற்காக என் பெயரைக் கொடுத்துவிட முடியுமா? நான் ஃபைபர் சுருளை வண்டியில் ஏற்றவில்லை. ராசிபுரத்துக்கு ஆள் அனுப்பவில்லை.

எனக்குக் காசு வேண்டாம், மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். பழைய பண்ணையில் இருக்கும் சட்டத்தைக் கழற்றி, அந்தப் பட்டியலைத் திரும்ப அச்சடிக்க வேண்டும். மாஸ்க் கொடுத்தது மாப்பிள்ளை என்று இருக்கட்டும். முப்பது முப்பதாகத் தப்பாக ஸ்டிக்கர் ஒட்டியவன் நான் என்றும் இருக்கட்டும், அதற்கு நான் வெட்கப்படவில்லை. தப்பைக் கண்டுபிடித்து இரண்டு பட்டியலையும் போட்டவன் நான் என்று, என் பெயரை, இனிஷியலோடு, தமிழில், அவருடைய பெயருக்கு அடியில் அல்ல, பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும். கூட மாற்றியவள் என்று அம்மிணியின் பெயரும் வர வேண்டும். கடைசி வரியாக, கேபிளில் எந்தப் பழுதும் இருந்ததில்லை என்று எழுதிப் பண்ணைக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டு, அந்தப் பட்டியலின் நகல் ஒன்றைப் பஸ் ஸ்டாண்டு பேக்கரியில், கல்லாவுக்கு மேலே, டீ குடிப்பவன் கண்ணில் படுகிற மாதிரி மாட்ட வேண்டும். ஆணி நான் கொண்டுவருகிறேன்.